சேர்வராயன் மலையில் ஒரு காப்பித் தோட்ட வீடு: எந்த அறை, எந்த மாதம், எதைக் கேட்டு வாங்க வேண்டும்

டிசம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் போங்கள். கிழக்குப் பக்கத்து அறையைக் கேளுங்கள். இரண்டு இரவு தங்குங்கள். இந்த மூன்றும் அமைந்தால் ஏற்காட்டில் இதைவிட நல்ல தங்கல் கிடைப்பது அரிது. மூன்றில் ஒன்று தப்பினாலும் கொடுத்த காசுக்கு முழுப் பலன் கிடைக்காது.

வீடு நாகலூர் சாலையில், ஏற்காடு ஒண்டிக்கடை ரவுண்டானாவிலிருந்து காரில் 25 நிமிடம். பெயர்ப்பலகை கிடையாது, பதிவு செய்தவர்களுக்கு மட்டும் வழி அனுப்புகிறார்கள். நான்கு அறை, நீள வராந்தா, பின்கட்டில் சமையலறை, சுற்றிலும் காப்பி, மிளகு, நிழலுக்கு சில்வர் ஓக் மரம். தோட்டம்தான் இவர்களுக்குப் பிழைப்பு, அறை வாடகை பக்க வருமானம். அதனால் காலை ஏழு மணிக்கு வீட்டுக்காரர் தோட்டத்தில் இருப்பார். பெட்டி தூக்க ஆள் வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஓர் அறைக்கு ஓர் இரவு 6,000 ரூபாய், காலைச் சாப்பாடு அதில் அடக்கம்.

பனியும் மழையும் அறிந்தவர்கள் கட்டிய வீடு இது. கட்டினபடியே விட்டுவைத்த இடமெல்லாம் இன்றைக்கும் ஒழுங்காக இருக்கிறது. பிற்காலத்தில் வசதி என்று நினைத்து மாற்றிய இடங்களில்தான் கோளாறு. இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டால் எந்த அறையை எடுப்பது என்பது தானே விளங்கும்.

முதலில் வழி. சேலத்திலிருந்து அஸ்தம்பட்டி, கோரிமேடு, அடிவாரம் என்று ஏறினால் 20 கொண்டை ஊசி வளைவு. அயோத்தியாப்பட்டணம் பக்கமிருந்து குப்பனூர் வழி சற்றுச் சுற்று, ஆனால் நெரிசல் குறைவு. சென்னையிலிருந்து ஆத்தூர், வாழப்பாடி வழியாக வருகிறவர்கள் சேலம் டவுனுக்குள் நுழையாமலே குப்பனூரில் ஏறிவிடலாம். மே மாதக் கோடை விழா சமயத்தில் ஏற ஒரு பாதை, இறங்க ஒரு பாதை என்று பிரித்து விடுவதுண்டு, கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள். இறங்கும்போது இரண்டாவது கியரை விட்டு மாற்ற வேண்டாம். பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் பாதி மலையிலேயே கருகல் வாடை வரும், பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும். அப்படி ஆனால் ஓரம் கட்டி அரை மணி ஆற விடுவதுதான் வழி. தண்ணீர் ஊற்றினால் சூட்டில் இருக்கும் டிஸ்க் வளைந்துவிடும். தோட்டத்துக்குள் கடைசி ஒரு கிலோமீட்டர் கல் பரப்பிய மண்பாதை. நான்கு பேரும் டிக்கி நிறைய சாமானும் ஏற்றிய தாழ்வான கார் இரண்டு இடத்தில் அடி தட்டும். ஆட்களை இறக்கிவிட்டு ஓட்டினால் தட்டாது.

அடிவாரச் சாலையில் ஏறும்போது கீழே மேற்கே வெள்ளை வெள்ளையாய்க் குவியல் தெரியும். புதிதாக வருகிறவர்கள் உப்பளமோ என்பார்கள். அது மேக்னசைட், நம் ஊரில் வெள்ளைக்கல். இரும்பு உலைகளின் உட்சுவருக்குச் சூடு தாங்கும் செங்கல் செய்ய அதைத்தான் பல தலைமுறையாக வெட்டினார்கள். கீழே வெள்ளைக்கல், மேலே அலுமினியம் எடுக்கும் பாக்சைட். சேலம் தறிக்கும் மாம்பழத்துக்கும் பெயர் வாங்கிய அளவுக்குச் சுரங்கத்துக்கு வாங்கவில்லை, ஆனால் இது சுரங்கச் சீமைதான். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

வீட்டின் வயது. ஏற்காட்டில் பழைய வீடு என்றாலே காக்பர்ன் காலம் என்று சொல்லிவிடுகிறார்கள். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் இந்த மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார், கிரேஞ்ச் எஸ்டேட் அவர் பெயரோடு சேர்ந்தது என்பது சரித்திரம். அதற்காக மலையிலுள்ள ஒவ்வொரு ஓட்டு வீடும் அந்தக் காலத்தது ஆகிவிடாது. பார்க்கத் தெரிந்தால் வீடே வயதைச் சொல்லும். கூரையில் மங்களூர் ஓடு இருந்தால் அந்தக் கூரை 1865-க்கு முந்தியதாக இருக்க முடியாது, மங்களூரில் பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ மிஷனரி அமைப்பு ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியதே அந்த ஆண்டில்தான். சுவர் அதற்கு முந்தியதாக இருக்கலாம், அப்படியானால் முதலில் புல் வேய்ந்தோ நாட்டு ஓடு போட்டோ இருந்திருக்கும். இந்த வீட்டில் முன்பகுதிச் சுவர் இரண்டு அடி கனம், கருங்கல்லும் சுண்ணாம்புக் காரையும். பின்கட்டு செங்கல், ஒன்றேகால் அடி. இரண்டும் ஒரே காலத்து வேலை கிடையாது. வீட்டுக்காரர்களும் ஆண்டு எதையும் அடித்துச் சொல்வதில்லை, அது அவர்கள் மேல் மரியாதையைக் கூட்டுகிறது.

அந்தக் கருங்கல்லைக் கிட்டே போய்ப் பாருங்கள். ஈரம் பட்டால் எண்ணெய் தடவிய மாதிரி பச்சை கலந்த கருநீலம் காட்டும். இந்த மலை முழுக்க அந்தக் கல்தான், பெயர் சார்னோக்கைட். கல்கத்தா நகரை உருவாக்கியவர் என்று சொல்லப்படும் ஆங்கிலேயர் ஜாப் சார்னக்கின் கல்லறையில் வைத்த கல் இதே வகை என்பதால் தாமஸ் ஹாலண்ட் என்ற நிலவியலாளர் வைத்த பெயர்.

இனி அறைகள். கிழக்குப் பக்கம் இரண்டு, மேற்குப் பக்கம் இரண்டு. மேற்கு அறைகளில் சில வருடங்களுக்கு முன் உட்சுவரைக் கொத்திவிட்டு சிமெண்ட் பூசி, பளபளவென்று எமல்ஷன் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். படத்தில் பார்க்க அந்த அறைகள்தான் அழகு. நேரில் கட்டிலுக்குப் பின்னால் தரையிலிருந்து இடுப்பு உயரம் வரைக்கும் விரலால் தடவிப் பாருங்கள். பெயிண்ட் அப்பளம் மாதிரி உப்பியிருக்கும். அழுத்தினால் உடைந்து உள்ளிருந்து வெள்ளையாய் மாவு கொட்டும். நாக்கில் வைத்தால் கரிக்கும். அது ஓதம் கொண்டுவந்த உப்பு. காரணம் எளிது. பழைய கல் சுவருக்கு அடியில் ஈரம் தடுக்கும் அடுக்கு எதுவும் கிடையாது. மண்ணிலிருந்து ஈரம் ஏறத்தான் செய்யும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும், வெயில் வந்தால் காய்ந்துவிடும். சிமெண்ட் விடாது. உள்ளே அடைபட்ட ஈரம் மேலே மேலே ஏறி, காயும் இடத்தில் உப்பைக் கக்கி, பூச்சையே தள்ளிவிடும். மறுபடி மறுபடி பெயிண்ட் அடிப்பது பணத்துக்குக் கேடு. சிமெண்டை மூன்று நான்கு அடி உயரத்துக்குக் கொத்தியெடுத்து, சுவரை ஒரு கோடை முழுக்கக் காயவிட்டு, ஒன்றுக்கு மூன்று சுண்ணாம்பு மணல் கலவை பூசி, ஒரு வாரமாவது தண்ணீர் தெளித்துப் பதமாக்க வேண்டும். வெளியே மண் மட்டம் உள்தரையைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும். இங்கே மேற்குப் பக்கம் பூச்செடிக்கு என்று மண்ணைக் குவித்து வைத்திருக்கிறார்கள், அதை வெட்டி எடுத்தாலே பாதி ஓதம் குறையும். மழைக்காலத்தில் அந்த அறைகளில் போர்வை ஈரக் கசிவோடுதான் இருக்கும். ஆஸ்துமா உள்ளவர்கள் கண்டிப்பாகத் தவிர்க்க வேண்டும்.

கிழக்கு அறைகளைத் தொடாமல் விட்டிருக்கிறார்கள். சுண்ணாம்பு வெள்ளை, சிவப்பு ரெட் ஆக்சைடு தரை, மேலே பலகை மச்சு. காலை வெயில் நேரே சுவரில் விழுகிறது. அக்டோபர் மழையிலும் அந்தச் சுவர் உலர்ந்திருக்கும். ஒரே குறை, குரங்கு. அவை ஓட்டின் மேல் ஓடினால் ஓடு ஒரு விரல் நகரும், அந்த இடைவெளியில் ஒழுகும். மச்சுப் பலகையில் தேநீர் நிறத்தில் வட்டம் தெரிந்தால் கட்டிலை அதற்கு நேர் கீழே போடாதீர்கள். சொன்னால் அன்றைக்கே ஆள் ஏறி ஓட்டைச் சரிசெய்கிறார்கள்.

கிழக்கு அறைகள் இரண்டிலும் கணப்பு, அதாவது குளிர் காயும் சுவர் அடுப்பு, இருக்கிறது. டிசம்பர், ஜனவரி இரவில் 12, 13 டிகிரிக்கு இறங்கும்போது இதன் அருமை தெரியும். ஆனால் பாதிப் பேர் அறையைப் புகையாக்கிவிட்டு இருமிக்கொண்டே வெளியே வருகிறார்கள். கணப்பின் மேல் குற்றமில்லை. புகைபோக்கிக்குள் குளிர்ந்த காற்று தூண் மாதிரி நிற்கிறது, அதை முதலில் கிளப்ப வேண்டும். முதலில் புகைபோக்கியின் தகட்டுக் கதவு திறந்திருக்கிறதா என்று கையை விட்டுப் பாருங்கள். எதிர்ப்பக்க ஜன்னலை இரண்டு விரல் அளவு திறந்து வையுங்கள். ஒரு முழு செய்தித்தாளைச் சுருட்டிப் பற்றவைத்து, கணப்பின் மேல் வாயில் உயர்த்திப் பிடியுங்கள். ஒரு நிமிடத்தில் தீ மேல்நோக்கி இழுபடும், உஸ் என்று ஒரு சத்தம் கேட்கும். அதற்குப் பிறகுதான் அடியில் சுள்ளியைப் பற்றவைக்க வேண்டும். விறகு காப்பிச் செடி கவாத்துக் கட்டையும் சில்வர் ஓக்கும். இரண்டு கட்டையை ஒன்றோடொன்று தட்டுங்கள். டங் என்று கேட்டால் காய்ந்தது, மொத்தென்று கேட்டால் பச்சை. பச்சையைத் திருப்பிக் கொடுத்து மாற்றிக் கேளுங்கள், பின்கட்டுக் கொட்டகையில் ஒரு வருடம் காய்ந்த அடுக்கு தனியாக இருக்கிறது. கட்டு ஒன்று 200 ரூபாய், ஒரு இரவுக்கு ஒன்றே போதும்.

இதில் விளையாடக் கூடாத விஷயம் ஒன்று. கனல் இருக்கும்போது சூடு வீணாகிறதே என்று தகட்டை மூடிவிட்டுத் தூங்கக் கூடாது. கணப்பு இல்லாத மேற்கு அறைக்குக் கரிச் சட்டி கேட்டு வாங்கிக் கதவைச் சாத்துவதும் அப்படித்தான். கார்பன் மோனாக்சைடுக்கு வாடை இல்லை, கண் எரியாது, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். கேட்டாலும் கொடுக்க மாட்டோம் என்று வீட்டுக்காரர்கள் உறுதியாகச் சொல்ல வேண்டும். இப்போது வருகிறவர் கேட்டால் கொடுத்துவிடுகிறார்கள். இந்த வீட்டைப் பற்றி எங்களுக்குள்ள ஒரே பெரிய மனக்குறை இதுதான்.

மாற்றிய இடத்தில்தான் கோளாறு என்ற கதை வெந்நீரிலும் அப்படியே. மேற்கு அறைகளில் வார்ப்பிரும்புக் குளியல் தொட்டி போட்டு 15 லிட்டர் கீசர் மாட்டியிருக்கிறார்கள். தொட்டி நிறைய 150 லிட்டராவது வேண்டும். கீசர் 65 டிகிரிக்குக் காய்ச்சினாலும் மலைத் தண்ணீரோடு கலந்தால் குளிக்கும் பதத்தில் 33 லிட்டர்தான் தேறும், அதாவது இரண்டு வாளி. அடுத்த இரண்டு வாளிக்கு 25 நிமிடம் காத்திருக்க வேண்டும். தொட்டியில் முதல் வாளி ஆறுவதற்குள் மூன்றாவது வராது. கரண்ட் போனால் அதுவும் இல்லை, இன்வெர்ட்டரில் லைட்டும் செல்போன் சார்ஜரும் மட்டும்தான் ஓடும். கிழக்கு அறைகளுக்குப் பின்கட்டில் இருக்கும் பழைய தாமிர பாய்லரிலிருந்து குழாய் வருகிறது. காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் விறகு போடுகிறார்கள், இரண்டு அறைக்கும் தாராளம். மனதார வாளியில் மொண்டு குளிக்கலாம்.

சாப்பாட்டுக்குக் குறை சொல்ல இடமில்லை. சமைக்கிற அக்கா பக்கத்து மலைக்கிராமத்தவர். முதல் நாளே சொன்னால் சாமைச் சோறும் கீரைக் கடைசலும், ராகிக் களியும் கிடைக்கும். சொல்லாவிட்டால் டவுனிலிருந்து வருகிறவர்களுக்கு என்று சப்பாத்தி, பன்னீர் மசாலாதான் வரும். மிளகுக் கோழிக்கு மிளகு தோட்டத்துடையது, அம்மியில் ஒன்றிரண்டாகத் தட்டியது. பலாக் காலத்தில் பிஞ்சுப் பலா பொரியல் கேளுங்கள். காப்பி மட்டும் கவனித்துக் கேட்க வேண்டும். வழக்கமாகக் கொடுப்பது சிக்கரி கலந்தது. "அக்கா, சிக்கரி இல்லாத தூள்ல போடுங்க, பால் கம்மியா" என்று சொன்னால் வேறொரு டப்பாவைத் திறக்கிறார். அதுதான் இந்தத் தோட்டத்துக் காப்பி.

தோட்டச் சுற்று காலை எட்டு மணிக்கு, ஒன்றரை மணி நேரம், தனிக் கட்டணம் இல்லை. பறிப்புக் காலத்தில் போனால் இது வெறும் நடை இல்லை, ஒரு பாடம். இங்கே இருப்பது அராபிகா. முழுச் சிவப்பாகப் பழுத்ததை மட்டும் பறிக்கிறார்கள், அதனால் ஒரே செடிக்கு மூன்று நான்கு தடவை வர வேண்டியிருக்கிறது. பறித்ததைத் தண்ணீரில் போட்டு மிதப்பதைத் தள்ளிவிட்டு, அன்றைக்கே பல்ப்பரில் விட்டுத் தோல் நீக்குகிறார்கள். மறுநாளுக்கு வைத்தால் பழம் புளித்து, காப்பியில் பழைய கள் வாடை ஏறும். தோல் போன கொட்டையைத் தொட்டியில் 24 முதல் 36 மணி நேரம் ஊற விடுகிறார்கள். பதம் பார்க்கிற விதத்தை அருகில் நின்று பாருங்கள். மேஸ்திரி ஒரு கை அள்ளி அழுத்தித் தேய்க்கிறார். வழுக்கினால் இன்னும் ஆகவில்லை. கூழாங்கல் மாதிரி கரகரத்தால் உடனே கழுவ வேண்டும், அரை நாள் தாமதித்தாலும் கெட்டுவிடும். பிறகு களத்தில் ஏழிலிருந்து பத்து நாள் காய்ச்சல், பகலில் மணிக்கொரு தரம் கிளறி, மாலையில் குவித்து மூடி, ஈரப்பதம் 11 சதவீதத்துக்கு வரும் வரை. ஆறு கிலோ பழத்துக்கு ஒரு கிலோ பச்சைக் கொட்டை. வறுத்தால் இன்னும் ஆறில் ஒரு பங்கு குறையும். கடைசியில் ஒரு கிலோ தூளுக்கு ஏழு கிலோ பழம். இதைக் கண்ணால் பார்த்தவர்கள் தோட்டத்தில் தூள் வாங்கும்போது விலை பேச மாட்டார்கள்.

செடிகளுக்கு நடுவே அங்கங்கே பிடுங்கிப் போட்ட இடம் தெரியும். வெள்ளைத் தண்டுத் துளைப்பான் விழுந்தவை. அராபிகாவுக்கு இதுதான் எமன். நிழல் குறைந்து வெயில் நேராக விழும் தண்டில் வண்டு முட்டை வைக்கும். மருந்தால் காப்பாற்ற முடியாது, பிடுங்கி எரித்தால்தான் அடுத்த செடி தப்பும். நிழல் மரத்தை ஏன் இவ்வளவு விட்டிருக்கிறீர்கள் என்று கேட்கிறவர்களுக்கு அதுவே பதில்.

சுற்றின் முடிவில், கேட்டால் மட்டும், பழைய பாக்சைட் வெட்டுக்குழியின் மேல்விளிம்பு வரை கூட்டிப்போகிறார்கள். சார்னோக்கைட் கல் லட்சக்கணக்கான வருட மழையில் கரைந்து, மற்றவை போய் அலுமினியம் தங்கிய மண் அது. மேட்டூர் அலுமினிய ஆலைக்கு இந்த மலையிலிருந்தும் லாரி லாரியாக இறங்கியது. கையில் எடுத்தால் கல் என்று தோன்றாத அளவுக்கு லேசு, உள்ளே பயறு பயறாகத் தெரியும். விளிம்பில் நிற்காதீர்கள். மேலே ஓடு மாதிரி கெட்டியாக இருக்கும், அடியில் மழை அரித்துப் பொந்தாக்கியிருக்கும், ஆள் பாரத்துக்கு அப்படியே இறங்கும். குழியில் தேங்கிய தண்ணீர் ஆழமில்லை போலத் தெரியும், அதில் குழந்தைகளை விடவே கூடாது.

சுரங்கச் சீமை என்றதும் தங்கம் உண்டா என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். தங்கம் இருப்பது கர்நாடகத்தின் கோலார், ஹட்டி பக்கத்துத் தார்வார் என்ற பழம்பாறைத் தொடரில். அந்தப் பாறைத் தொடரைப் பிரித்து அடையாளம் காட்டிய நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபுட், 1863-ல் பல்லாவரத்தில் கற்கோடரி கண்டெடுத்த அதே ஃபுட், ஓய்வு பெற்ற பின் வாழ்ந்தது ஏற்காட்டில். அவர் நினைவுக்கல் இங்கே ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில் இருக்கிறது. ஊருக்குள் வரும்போது ஏரியில் படகுக்கு வரிசையில் நிற்பதற்குப் பதில் அங்கே பத்து நிமிடம் போய்வரலாம்.

மாதம் பற்றி. மே மாதம் வேண்டாம். ஊரில் கூட்டம், தோட்டத்தில் தண்ணீர்ப் பஞ்சம், ஊற்று சுருங்கி லாரித் தண்ணீர் வரும், பாய்லர் ஒரு வேளைதான். அக்டோபர், நவம்பரில் பச்சை அள்ளும், ஆனால் அட்டை ஏறும், காலுறைக்கு வெளியே உப்பும் மூக்குப்பொடியும் தடவிக்கொள்ள வேண்டும். மார்ச் கடைசியில் ஒரு நல்ல மழை பெய்தால் எட்டாவது, பத்தாவது நாள் தோட்டம் முழுக்க மல்லிகை மாதிரி பூக்கும், இரண்டு மூன்று நாள்தான் நிற்கும். தேதி முன்கூட்டிச் சொல்ல முடியாது. சேலம், ஈரோடு, நாமக்கல்காரர்கள் மழை பெய்ததும் போன் செய்து, பூக்கிற நாளில் ஒரு இரவு வந்து போகலாம்.

இருட்டின பிறகு வராந்தாவை விட்டு இறங்குவதானால் டார்ச்சும் துணைக்கு ஆளும் வேண்டும். காட்டுமாடு இப்போது தோட்டத்துக்குள்ளேயே மேய்கிறது. பார்க்கச் சாது, ஆனால் ஒரு டன் எடைக்கு நெருங்கும் மிருகம். 50 அடிக்குள் போகாதீர்கள், ஃபிளாஷ் அடிக்காதீர்கள், தாய்க்கும் கன்றுக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளாதீர்கள். சிக்னல் வராந்தாவின் தெற்கு மூலையில் மட்டும். முட்டி வலி உள்ள பெரியவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: கிழக்கு அறைக்கு வாசலில் ஐந்து கல் படி, பிடிமானம் இல்லை.

போனில் பதிவு செய்யும்போது கிழக்கு அறை என்று பெயர் சொல்லி உறுதி வாங்குங்கள். "எல்லா ரூமும் ஒண்ணுதான் சார்" என்பார்கள், விடாதீர்கள். காப்பித் தூள் வேண்டுமானால் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பே, அதாவது வந்து இறங்கியதும், எவ்வளவு என்று சொல்லிவிடுங்கள். வறுத்த கொட்டை ஒரு நாளாவது காற்று விட வேண்டும். கடைசி நேரத்தில் கேட்டால் சூட்டோடு அரைத்துக் கட்டிக் கொடுப்பார்கள், அடிவாரம் வருவதற்குள் பை பலூன் மாதிரி ஊதிவிடும்.